பிசின், பயின், மெழுக்கு

தேனைச் சுற்றித் தமிழில் விளைந்த சொற்களுக்குக் குறைவில்லை. தேன், நறவு, பிரசம், மட்டு என்று இனிப்புச் சாற்றுக்கும், இறால், அடை, தொடை என்று கூட்டுக்கும், சுரும்பு, தும்பி, ஞிமிறு, மிஞிறு என்று பறந்து திரியும் உயிர்க்கும் நம் முன்னோர் பெயர் வைத்தார்கள். ஞிமிறும் மிஞிறும் ஒரே சொல்லின் எழுத்துகள் இடம் மாறி அமைந்த வடிவங்கள் என்பதைச் சொற்சுவை அறிந்தவர்கள் வாயால் சொல்லிப் பார்த்தே களிப்பார்கள். தேன் என்ற சொல்லே சங்கச் செய்யுளில் சில இடங்களில் தேனையும் சில இடங்களில் அதைச் சேர்க்கும் வண்டையும் குறிக்கிறது. இவ்வளவு வளம் இருந்தும், மரத்தின் காயத்திலிருந்து தேனீ சுரண்டி வந்து கூட்டின் வெடிப்புகளில் பூசுகிற, கறுப்பும் பழுப்பும் பச்சையுமாக நிறம் காட்டுகிற, கையில் ஒட்டினால் எளிதில் போகாத அந்தப் பொருளுக்கு மட்டும் பழந்தமிழில் நிலைத்த பெயர் ஒன்று கண்ணில் படவில்லை. இன்று வேளாண் பயிற்சி வகுப்புகளில் அதைப் புரோபோலிஸ் என்கிறார்கள். தமிழில் எழுதும்போது தேன்பிசின் என்றோ தேனீப் பிசின் என்றோ எழுதுகிறார்கள். இராசிபுரம் பக்கம் தேன்பெட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டபோது, "பிசினுங்க, வேறென்னங்க" என்றார். அந்த விடையிலிருந்தே தொடங்கலாம்.

பிசின் என்பதை மெல்லச் சொல்லிப் பாருங்கள். இதழ் இரண்டும் ஒட்டிப் பிரிகின்றன, உடனே நா மேலண்ணத்தை உரசுகிறது. ஒட்டுதலும் பிரிய மனமில்லாமல் பிரிதலும் அந்த ஒலியிலேயே இருக்கின்றன. பிசுபிசுத்தல், பிசுக்கு, பிசை, பசை என்று இதன் உறவினர் எல்லாரும் கையோடு ஒட்டுகிறவர்கள்தாம். எண்ணெய்ப் பிசுக்கு என்கிறோம், மாவைப் பிசைகிறோம், கையில் பணம் ஒட்டிக்கொண்டு வெளியே வராதவனைப் பிசினாறி என்று வைகிறோம். வேப்பம் பிசின், முருங்கைப் பிசின், கருவேலம் பிசின் என்று சேலம், நாமக்கல் சமவெளியின் வேலியோர மரங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பிசினை வடிக்கின்றன. மரத்துப் பட்டை கீறப்பட்டால் அந்தக் காயத்தை மூடுவதற்கும், உள்ளே பூஞ்சையும் நுண்ணுயிரும் புகாமல் காப்பதற்கும் மரம் சுரப்பது அது. ஆகவே பிசின் என்ற சொல் பொருளின் தன்மையைச் சொல்கிறது. எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்பவற்றை அது சொல்வதில்லை.

பிசினுக்கு முன்னே இன்னொரு சொல் இருக்கிறது: பயின். பிசின், பசை என்னும் பொருளில் தமிழ்ப் பேரகராதி இதைப் பதிந்து வைத்திருக்கிறது. ஆனால் நம் பேச்சிலிருந்து அது நழுவிவிட்டது. மலையாளத்தில் நழுவவில்லை. வெள்ளைக் குங்கிலியம் தரும் மரத்தை அங்கே இன்றும் வெள்ளப்பயின் என்கிறார்கள். நாம் மறந்த சொல்லை அண்டை வீட்டார் பத்திரமாக வைத்திருப்பதைக் காணும்போது எழும் மகிழ்ச்சி சொல்லாராய்ச்சிக்கே உரிய இன்பங்களில் ஒன்று. குங்கிலியம் என்பதோ வடமொழிக் குக்குலுவின் வழியில் வந்தது. வந்து வெகுகாலமாகி, குங்கிலியக் கலய நாயனாரின் பெயரோடு கலந்து, இனி அதை அயலார் என்று சொல்ல முடியாதபடி நம்மவராகிவிட்டது.

சிலர் தேன்பிசினைத் தேன் அரக்கு என்றும் எழுதுகிறார்கள். அரக்கு என்பதைச் செம்மை குறிக்கும் அர் என்னும் வேரோடு இணைத்து, குருதியைக் குறிக்கும் அரத்தத்தோடு உறவாக்குவோர் உண்டு. வடமொழி லாக்ஷா, ராக்ஷா என்பவற்றோடு சேர்ப்போரும் உண்டு. எந்த வழியில் வந்ததானாலும் இந்த இடத்துக்கு அது பொருந்தவில்லை என்பதே என் கருத்து. அரக்குப் பூச்சி அரக்கைத் தன் உடலிலிருந்து சுரக்கிறது. தேனீ இதைச் சுரப்பதில்லை. மொட்டிலும் பட்டையிலும் கசியும் பிசினைத் தாடையால் கிள்ளி, பூந்தூளைச் சுமக்கிற அதே பின்னங்கால் கூடையில் ஏற்றிக் கொண்டுவந்து, தன் மெழுகோடு கலந்து பூசுகிறது. சேகரித்துக் குழைத்த பொருளை ஊறிச் சுரந்த பொருளின் பெயரால் அழைத்தால் தேனீயின் உழைப்பில் பாதி மறைந்துபோகும்.

இனிக் கிரேக்கத்துக்குப் போவோம். ஏனென்றால் புரோபோலிஸ் என்ற பெயருக்கும் ஒரு நீண்ட கதை உண்டு. கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் தம் விலங்கியல் நூலில், கூட்டின் வாயிலில் தேனீக்கள் பூசும் கருநிறப் பொருளை மிட்டிஸ் என்று அழைத்து, அதற்குக் காரமான மணம் உண்டு என்றும், அடிபட்ட வீக்கத்துக்கும் சீழ்ப்புண்ணுக்கும் அது மருந்து என்றும் எழுதினார். பின் முதல் நூற்றாண்டில் பிளினி, நம் முசிறித் துறையைப் பற்றி எழுதிய அதே உரோமப் பிளினி, கூட்டின் அடித்தளப் பூச்சை மூன்றாகப் பிரித்து, முதற்பூச்சு கொம்மோசிஸ், அதன்மேல் பிஸ்ஸோகெரோஸ், மூன்றாவது புரோபோலிஸ் என்று வரிசைப்படுத்தினார். புரோ என்றால் முன். போலிஸ் என்றால் நகர். நகரின் முன்னே இருப்பது, நகர்வாயிற் காவல் என்று இந்தப் பெயருக்கு விளக்கம் சொல்வது மரபு. கிரேக்க மொழியில் அதே சொல் புறநகரையும் குறித்தது. தேன்கூட்டை ஒரு நகராகவும், வாயிற்பூச்சை அதன் புறமதிலாகவும் கண்ட கண் அது. மற்ற இரண்டு பெயர்களும் அகராதியில் உறங்க, மூன்றாவது மட்டும் உலகெங்கும் பரவியது.

நடுவிலிருக்கும் பிஸ்ஸோகெரோஸ் என்னும் பெயர் தமிழ்க் காதுக்கு ஒரு பொறி வைக்கிறது. பிஸ்ஸா என்றால் மரப்பிசினிலிருந்து காய்ச்சும் கீல். கெரோஸ் என்றால் மெழுகு. பிஸ்ஸா, பிசின்! ஒலியும் ஒன்று, பொருளும் ஏறத்தாழ ஒன்று, இரண்டு நாடுகளுக்கும் இடையே கப்பல் போக்குவரத்தும் இருந்திருக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட எவருக்கும் ஆசை வரும். ஆனால் கிரேக்கப் பிஸ்ஸாவுக்கு இலத்தீனில் பிக்ஸ் என்னும் உடன்பிறப்பு இருக்கிறது; அதன் பழைய உடலில் ககரம் இருந்து, கிரேக்க மொழிக்கே உரிய ஒலிமாற்றத்தால் இரட்டைச் சகரமாயிற்று என்பது தெளிவான செய்தி. நம் பிசினோ பிசுக்கு, பிசுபிசு, பிசை என்னும் சொந்தக் குடும்பத்தில் வேரூன்றி நிற்பது. ஆகவே இது தற்செயல் ஒற்றுமை. மொழிப்பற்று உள்ளவர்களே இத்தகைய இடங்களில் மிகுந்த எச்சரிக்கையோடு நிற்க வேண்டும். வலிந்து இழுத்த உறவால் தமிழுக்குப் பெருமை சேராது, தமிழின் உண்மையான வேர்களைத் தோண்டிக் காட்டுவதால்தான் சேரும்.

அப்படியானால் கிரேக்கரும் உரோமரும் மூன்று பெயர் வைத்த பொருளுக்கு நாம் ஏன் ஒன்றும் வைக்கவில்லை? விடை மொழியில் இல்லை, தேனீயில் இருக்கிறது. ஐரோப்பியத் தேனீ பிசின் சேர்ப்பதில் பேரார்வம் உள்ளது. நம் நாட்டின் அடுக்குத் தேனீ, பொந்திலும் பெட்டியிலும் வாழ்கிற இந்தியத் தேனீ, பிசினைச் சேர்ப்பதே இல்லை. 1911 முதல் 1917 வரையிலான காலத்தில் பாதிரியார் நியூட்டன் தென்னாட்டில் பெட்டித் தேனீ வளர்ப்பைக் கற்பித்தபோது, அவர் பெயரால் இன்றும் வழங்கும் நியூட்டன் பெட்டிக்குள் குடியேறியது இந்தத் தேனீதான். அதன் சட்டங்களில் ஒட்டுப்பிசின் இல்லாததால் அதற்கு ஒரு பெயரும் தேவைப்படவில்லை. 1962இல் வட இந்தியாவின் நக்ரோட்டாவில் ஐரோப்பிய இனமான இத்தாலியத் தேனீ வேரூன்றியது. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்துச் சாக்குப்புழு நோய் தென்னாட்டு இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பேரளவில் அழித்தபின் இத்தாலியத் தேனீ இங்கும் பரவலாக வந்தது. பிசினால் ஒட்டிப்போன சட்டத்தைப் பெயர்க்க உளி வேண்டியிருந்தபோதுதான் இது என்ன பொருள் என்று பெட்டிக்காரர்கள் கேட்டார்கள். விருந்தாளியோடு அதன் பழக்கமும், பழக்கத்தோடு அதன் கிரேக்கப் பெயரும் சேர்ந்து வந்தன.

ஆனால் பிசின் சேர்க்கும் தேனீக்கள் நம்மிடம் இல்லாமலும் இல்லை. புதர்க்கிளையில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீ, கூடு தொங்கும் கிளையின் இரு பக்கமும் பிசினை வளையமாகப் பூசி எறும்பை மறிக்கிறது. இதைவிடப் பெரிய பிசின் வல்லுநர் கொசுத்தேனீ. கொடுக்கில்லாத, கொசு அளவே உள்ள இந்த உயிர் மண்சுவர் வெடிப்பிலும் மரப்பொந்திலும் குடியிருந்து, பிசினையும் மெழுகையும் குழைத்துச் சின்னச் சின்னக் கலயங்கள் செய்து அவற்றில் தேனை வைக்கிறது. வாயிலில் பிசினாலேயே குழல் ஒன்று நீட்டி, அதன் விளிம்பை எப்போதும் ஈரப்பிசுக்காக வைத்து எறும்பைத் தடுக்கிறது. மலைத்தேன், கொம்புத்தேன், மரப்பொந்துத்தேன், புற்றுத்தேன், மனைத்தேன் என்று சித்த மருத்துவம் தேனை வகுக்கும்போது மனைத்தேன் என்று வீட்டையே அடைமொழியாக்கியது, வீட்டுச் சுவரில் நம்மோடு குடியிருந்த தேனீயை அறிந்த பெயரீடு. ஆங்கிலேயர் இந்தத் தேனீக்கு வைத்த பெயரில் டாமர் என்னும் சொல் உண்டு. அது மலாய் மொழியில் மரப்பிசினுக்கும் பந்தத்துக்கும் பெயர். அயலார் பிசினைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் உருவத்தைப் பார்த்து வைத்தோம்.

இந்த மண்ணில் கொசுத்தேனீ எந்த மரத்தை நாடும்? ஐரோப்பியப் பிசினின் தாய் பாப்லர் மரத்து மொட்டு. அந்த மரம் நம் சமவெளியில் இல்லை. தென்கிழக்காசிய நாடுகளில் கொடுக்கில்லாத் தேனீக்களின் பிசினை வேதியல் முறையில் பகுத்தபோது, அதன் பெரும்பங்கு பல இடங்களில் மாமரத்திலிருந்து வந்ததாகத் தெரிந்தது. மாம்பழத்துக்குப் பெயர் பெற்ற சேலத்தில் வாழும் நமக்கு இது சொந்தச் செய்தி போலவே படுகிறது. பறித்த மாங்காயின் காம்பில் சொட்டும் சொனை பட்டு உதடு வெந்தவர்களுக்கு அந்தப் பாலின் வீரியத்தை விளக்க வேண்டியதில்லை. பூச்சியையும் பூஞ்சையையும் விரட்ட மரம் வைத்திருக்கும் படைக்கலம் அது.

படைக்கலம் என்றதும் கொல்லியின் நினைவு வருவதைத் தடுக்க முடியவில்லை. நாமக்கல்லின் கிழக்கே நிற்கும் கொல்லிமலை வல்வில் ஓரியின் மலை. சங்கப் பாடல்கள் அதைத் தேனுடை மலையாகவும் கொல்லிப்பாவை நின்ற மலையாகவும் பேசுகின்றன. தன் எழிலாலும் நகையாலும் அணுகியவரைக் கொல்லும் பாவை என்பது பின்னாளில் வளர்ந்த கதை. மலைப்பெயரின் வேர் கொல் என்பதுதானா என்பதை அறுதியிட்டுச் சொல்லச் சான்று போதாது. தேவாரத்தில் கொல்லி என்று ஒரு பண்ணும் உண்டு. ஆனால் கொல் என்னும் வேரோடு இகரம் சேர்ந்து கொல்வது என்று பொருள்தரும் கொல்லி, இன்றைய தமிழில் மிகவும் உழைக்கும் சொற்களில் ஒன்று. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி என்பன வயலில் வழங்குகின்றன. சிறுகுறிஞ்சானுக்குச் சர்க்கரைக்கொல்லி என்று பெயர். மென்றபின் நாவில் இனிப்பே உறைக்காது. வண்டுகடி என்னும் படர்தாமரைக்கு இலையை அரைத்துப் பூசுகிற சீமையகத்திக்கு வண்டுகொல்லி என்று பெயர். பூஞ்சையைக் கண்ணாடி வழியே காணாத காலத்தில், தோலில் வட்டமிட்டுப் பரவும் நோயை ஏதோ ஒரு வண்டின் வேலை என்று கருதி, அதைத் தீர்க்கும் செடியைக் கொல்லி என்றார்கள். காரணம் பிழை, மருந்து சரி. இந்த வழியில் வந்ததே இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் படைத்த நுண்ணுயிர்க்கொல்லி.

தேன்பிசின் நுண்ணுயிர்க்கொல்லியா? இங்கே சொல்லைக் கவனமாகக் கையாள வேண்டும். ஐரோப்பியத் தேனீயின் பிசினில் ஏறத்தாழ பாதி மரப்பிசின், முப்பது விழுக்காடு மெழுகு, பத்து விழுக்காடு மணநெய்கள், எஞ்சியது பூந்தூளும் பிறவும். அந்தப் பாதியில்தான் பினோசெம்ப்ரின், கிரைசின், கலாஞ்சின் போன்ற பொருள்கள் இருக்கின்றன. சீழ்ப்புண் உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிராம் நேர்வகை நுண்ணுயிர்கள்மேல் அவை வலுவாகவும், வெளிச்சவ்வு ஒன்றைக் கூடுதலாகப் போர்த்திருக்கும் கிராம் எதிர்வகைமேல் தளர்வாகவும் வேலை செய்வதை ஆய்வகங்கள் பலமுறை கண்டிருக்கின்றன. கேண்டிடா பூஞ்சையும் அடங்குகிறது. தமிழ்நாட்டுப் பகுதித் தேன்பிசினின் நுண்ணுயிர் எதிர்ப்பைத் தனியே ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2008இல் வெளிவந்தது. சில நுண்ணுயிர்களைப் பிசின் கொல்கிறது. பலவற்றின் வளர்ச்சியை நிறுத்தி மட்டும் வைக்கிறது. ஆகவே எதிர்ப்பி என்னும் அடக்கமான சொல்லே இதற்குத் தகும். ஆய்வகத் தட்டில் நடப்பது மனித உடலில் அப்படியே நடக்குமென்று எவரும் உறுதி தர முடியாது. மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் பிசினின் சேர்க்கையும் மாறும். தேன்பிசின் சிலருக்கு ஒவ்வாமையும் தரும். முட்டைக்குப் பெயர் பெற்ற நாமக்கல் வட்டாரத்துக்கு இந்த ஆராய்ச்சி வெறும் அறிவு விருந்தாக நின்றுவிடாது. உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்குக் கோலிஸ்டின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுக்கக் கூடாதென்று 2019இல் இந்திய அரசு தடை விதித்தபின், மருந்துக்கு மாற்று தேடும் வேலையில் தாவரப் பொருள்களுக்கும் தேனீப் பொருள்களுக்கும் மதிப்புக் கூடியிருக்கிறது.

மேலே சொன்ன பெயர்களில் கலாஞ்சினை மட்டும் சற்று நிறுத்திப் பாருங்கள். அது முதலில் அறியப்பட்டது தேன்கூட்டில் இல்லை, ஒரு கிழங்கில். அந்தக் கிழங்கின் மேலைப் பெயர் கலங்கா. அரபு வணிகரின் கலஞ்சானிலிருந்து வந்தது. அதற்கும் முன்னே சீன நாட்டு ஊர்ப்பெயர் ஒன்று இருக்கிறதென்பர். நம் வீடுகளில் அதன் பெயர் சிற்றரத்தை, பேச்சில் சித்தரத்தை. தொண்டை கட்டினால் வாயில் அடக்கிக்கொள்ளும் துண்டு, சுக்கோடும் மிளகோடும் கொதித்து வரும் கசாயம். பாப்லர் மொட்டிலிருந்து ஐரோப்பியத் தேனீ எடுத்துவந்து கூட்டில் பூசுகிற ஒரு பொருளும், நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கிழங்கில் உள்ள ஒரு பொருளும் ஒன்றே என்பதை அறிந்தபோது, சீனத்தில் கிளம்பி அரபு வழியே ஐரோப்பா சென்று வேதியல் நூலில் குடியேறிய அந்தப் பெயரின் பயணமும் விளங்கியது.

இனி என் மனத்துக்கு மிக நெருங்கிய சொல்லுக்கு வருகிறேன்: மெழுகு. கன்னடத்தில் மேண, தெலுங்கில் மைனம். இரண்டும் பிராகிருத மயணத்தின் உறவு. தமிழும் மலையாளமும் மட்டும் மெழுகு என்கின்றன, இரண்டிலும் அது பெயராகவும் வினையாகவும் நிற்கிறது. மெழுகுதல் என்றால் சாணத்தைக் கரைத்துத் தரையில் கையால் வழித்துப் பூசி, வெடிப்பை அடைத்து, புழுதி எழாமல் செய்தல். பட்டினப்பாலையில் மெழுக்கம் என்பது மெழுகிய தரை. அப்பர் தேவாரத்தில் மெழுக்கு என்பது கோயிலுக்குச் செய்யும் திருப்பணி. மலையாளத்தில் மெழுக்கு என்றால் எண்ணெய்ப்பசை, அதனால் காயை எண்ணெயில் புரட்டி எடுக்கும் கறிக்கு மெழுக்குப்புரட்டி என்று பெயர். நம் பக்கத்துப் பேச்சில் இது மொழுகு என்று ஒலிக்கும். பெண் பொண்ணு ஆனதும் பெட்டி பொட்டி ஆனதும் எந்த முறையிலோ அந்த முறையில்தான், இதழில் பிறக்கும் எழுத்துக்கும் நா வளையும் எழுத்துக்கும் நடுவே அகப்பட்ட எகரம் குவிந்து ஒகரமாயிற்று. வழவழப்பும் மென்மையும் தேய்ப்பும் ஒன்றாய்க் கலந்த அந்த ழகரத்தை வாயில் உருட்டிப் பாருங்கள். தரையில் உள்ளங்கை போகும் போக்கு கேட்கும்.

தேனீ பிசினைக் கொண்டு செய்வதும் இதுதான். பொந்தின் உட்சுவர் முழுவதையும் அது மெழுகுகிறது. வெடிப்பை மூடுகிறது, உள்ளே செத்துக்கிடக்கும் எலியைத் தூக்கி எறிய முடியாதபோது, அழுகல் பரவாமல் அதன் உடல் முழுவதும் பிசினைப் பூசி மூடிவிடுகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மார்லா ஸ்பிவக் குழுவினர் பெட்டிகளின் உட்சுவரில் பிசினைப் பூசிப் பார்த்து, அந்தப் பெட்டிகளில் வாழ்ந்த தேனீக்களின் உடலில் நுண்ணுயிர்ச் சுமை குறைந்திருந்ததையும், நோய் எதிர்க்கும் உடற்பணி ஓய்ந்திருந்ததையும் 2009இல் வெளியிட்டார்கள். வீடு மெழுகப்பட்டிருந்ததால் உடல் போரிட வேண்டிய தேவை குறைந்தது. பூஞ்சை நோய் புகுந்த கூட்டங்கள் கூடுதலாகப் பிசின் தேடிப் போனதையும் அதே குழுவினர் 2012இல் காட்டினார்கள்.

ஆகவே என் முடிவு இது. மரத்தில் வடிவது பிசின். தேனீ கொண்டுவந்து மெழுகோடு குழைத்தது தேன்பிசின். பயிற்சிக் கையேடுகள் பழக்கிவிட்ட அந்தப் பெயரை மாற்ற வேண்டியதில்லை. கூட்டின் உட்சுவர் முழுவதும் பரவிப் போர்த்திருக்கும் பூச்சுக்கு மட்டும் ஒரு தனிப்பெயர் வேண்டும். அதற்குத் தமிழில் மெழுக்கு என்று எழுதுங்கள். புதிதாகப் படைக்க வேண்டாதபடி ஈராயிரம் ஆண்டுக் கிளையாகவே அது நம்மிடம் இருக்கிறது. கொல்லிமலையிலும் கல்வராயன் மலையிலும் ஏற்காட்டுச் சரிவிலும் தேன் எடுக்கும் பெரியவர்கள் கொசுத்தேனீயின் வாயிற்குழலுக்கும் கொம்புத்தேனீயின் பிசின் வளையத்துக்கும் வேறு பெயர்கள் வைத்திருக்கக்கூடும். அந்தப் பக்கத்தில் உங்களுக்கு உறவோ பழக்கமோ இருந்தால் கேட்டு, அவர்கள் வாயில் ஒலிக்கிறபடியே எழுதி வையுங்கள்.